எல்லோரும் கூடும் கூட்டத்தில் ஏன் யாரும் வாய் திறப்பதில்லை?

கேள்வி இது. கோயம்புத்தூரில் 160 பேர் வேலை செய்யும் ஒரு பம்ப் கம்பெனி. மாதம் ஒருமுறை எல்லோரையும் கேண்டீனில் கூட்டுகிறார்கள். எம்.டி. பேசுகிறார், பிறகு ஒவ்வொரு துறைத் தலைவரும் பேசுகிறார், இரண்டு மணி நேரம் ஓடிவிடுகிறது. கடைசியில் "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றால் ஒரு சத்தமும் இல்லை. இந்தக் கூட்டத்தை உருப்படியாக நடத்துவது எப்படி என்று அங்கே ஹெச்.ஆர். பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்.

உங்கள் ஆட்களிடம் கேள்வி இருக்கிறது, நிறையவே இருக்கிறது. கூட்டம் முடிந்து பத்து நிமிடம் கழித்து கேட்டுக்கு வெளியே உள்ள டீக்கடையில் போய் நில்லுங்கள். "அந்த ஆர்டர் கேன்சல் ஆயிடுச்சாமே", "இந்த வருஷம் போனஸ் குறையுமாம்", "புது மேனேஜர் வந்ததே பழைய ஆளுங்களை எடுக்கத்தானாம்" என்று ஒவ்வொன்றாக வந்து விழும். இவற்றில் ஒன்றையாவது அன்றைக்கு மைக்கில் யாராவது தொட்டார்களா என்று யோசித்துப் பாருங்கள். நான் 17 வருடமாக இப்படிப்பட்ட கூட்டங்களை நடத்தி வருகிறேன், முதலில் 210 பேர் இருந்த, உலோகத்தை உருக்கி வார்க்கும் ஒரு பவுண்டரியில், பிறகு 90 பேர் இருந்த ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில். இரண்டு இடத்திலும் கண்டது ஒன்றுதான்: டீக்கடையில் பேசுவதை மேடையில் பேசினால் கூட்டம் உயிரோடு இருக்கிறது, இல்லையென்றால் ஜனங்கள் உடம்பை மட்டும் அனுப்பிவைக்கிறார்கள்.

முதலில் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 160 பேர், இரண்டு மணி நேரம், ஆக 320 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாகப் பிரித்தால் 40 நாள். ஓர் ஆளை ஒன்றரை மாதம் வேலைக்கு வைக்கும் அளவு உழைப்பை ஒரே மதியத்தில் செலவழிக்கிறீர்கள், அதுவும் மாதா மாதம். இதை எம்.டி.யிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டினாலே பாதி மாற்றம் வந்துவிடும். செலவு பெரிது என்பதற்காகக் கூட்டத்தையே நிறுத்தச் சொல்லவில்லை. எல்லோரும், ஒரே நேரத்தில், ஒரே வாயிலிருந்து கேட்டே ஆகவேண்டிய விஷயம் எது என்று கேளுங்கள், அது மட்டும் உள்ளே வரட்டும். விற்பனைத் துறையின் பதினைந்து ஸ்லைடு இதில் வராது. பர்சேஸ் துறை எத்தனை புது சப்ளையரைப் பிடித்தது என்பதும் வராது. அதையெல்லாம் நோட்டீஸ் போர்டில் ஒட்டலாம், வாட்ஸ்அப் குழுவில் போடலாம், தேவையானவர்கள் படித்துக்கொள்வார்கள். சம்பள உயர்வு எந்த மாதம், எந்த அடிப்படையில் என்பது வரும். பெரிய ஆர்டர் கிடைத்தது, போனது, இரண்டும் வரும். உற்பத்தி நடக்கும் ஷாப் ஃப்ளோரில் ஒரு விபத்து நடந்திருந்தால் அது கட்டாயம் வரும், நடந்தது என்ன, இனி என்ன மாறும் என்பதோடு. ஷிப்ட் நேரம் மாறப்போகிறது, புது மெஷின் வரப்போகிறது, பத்து வருடம் இருந்த மேனேஜர் போகிறார் என்பதும் அப்படித்தான். இப்படி வடிகட்டினால் 40 நிமிடத்துக்கு மேல் விஷயம் தேறாது. அந்த 40 நிமிடத்தில் 15 எம்.டி.க்கு, 25 கேள்விகளுக்கு. துறைத் தலைவர்களுக்குத் தனி நேரம் கிடையாது, அவர்கள் துறையைப் பற்றிக் கேள்வி வந்தால் எழுந்து பதில் சொல்லட்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் என்று வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். மாதா மாதம் 40 நிமிடம்தான் நல்லது, ஏனென்றால் இன்று கேட்ட கேள்விக்கு முப்பது நாளில் பதில் வரவேண்டும், தொண்ணூறு நாள் ஆனால் கேட்டவனே மறந்துவிடுவான், மறக்காவிட்டால் கசப்பாக வைத்திருப்பான்.

கேள்விகளை எப்படி வரவழைப்பது என்பதற்கு வருகிறேன், வேலை அதிகம் உள்ள இடம் இதுதான். 160 பேர் முன்னால் கையைத் தூக்கி எழுந்து மைக்கை வாங்கி முதலாளியிடம் கேள்வி கேட்பது நம் ஊரில் சாதாரண காரியம் இல்லை. பக்கத்து நாற்காலியில் சூப்பர்வைசர் உட்கார்ந்திருக்கிறார். நாளைக்கு லீவு கேட்டு அவரிடம்தான் போய் நிற்கவேண்டும். பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் இருபது வருடம் சொல்லி வளர்த்திருக்கிறார்கள், கேள்வி கேட்பதும் எதிர்த்துப் பேசுவதும் அங்கே ஒன்றாகவே இருந்தது. இத்தனையும் தாண்டி ஒருவர் எழுந்து நிற்பார் என்று கடைசி ஐந்து நிமிடத்தில் எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. அதனால் கேள்விகளை முன்கூட்டியே, எழுத்தில், பெயர் இல்லாமல் வாங்குங்கள்.

பெட்டி வைப்பீர்கள், சரி. எங்கே வைப்பீர்கள்? நான் முதல் முறை ஹெச்.ஆர். அறைக்கு வெளியே வைத்தேன், மூன்று வாரத்தில் இரண்டு சீட்டு விழுந்தது. யார் போடுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும் இடம், போதாக்குறைக்கு மேலே சிசிடிவி கேமரா. கேண்டீனில் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் மாற்றி வைத்த பிறகு 40 சீட்டுக்கு மேல் வந்தது. பேப்பரும் பென்சிலும் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிடுங்கள். கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயம் உள்ளவர்களும், எழுதத் தயங்குபவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காக ஒவ்வொரு செக்‌ஷனிலும் எல்லோரும் நம்பும் ஓர் ஆளைப் பிடியுங்கள், பெரும்பாலும் அது பதவியில் இருப்பவராக இருக்காது, மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் செக்‌ஷனில் இருக்கும் ஓர் அக்காவாகவோ டிஸ்பாட்சில் இருக்கும் ஓர் அண்ணனாகவோ இருக்கும். அவர் கேட்டு எழுதிப் போடட்டும். ஆபீஸ் ஆட்களுக்குக் கூகுள் ஃபார்ம் வைத்தால் இமெயில் முகவரி சேகரிக்கும் வசதி அணைந்திருக்கிறதா என்று நீங்களே ஒரு தடவை திறந்து பாருங்கள். அது அணையாமல் இருந்து ஒரு முறை மாட்டிக்கொண்டால் அப்புறம் ஒரு வருடத்துக்கு யாரும் எழுத மாட்டார்கள்.

சீட்டுகள் வந்த பிறகு நம் போன்ற ஹெச்.ஆர். ஆட்களுக்கு ஒரு கை அரிக்கும். "சாம்பார்ல தண்ணி மட்டும்தான் இருக்கு, பருப்பு எங்கே?" என்று ஒருவர் எழுதியிருப்பார். அதை "உணவின் தரத்தை மேம்படுத்த வேண்டும்" என்று திருத்தி வாசிக்கத் தோன்றும். செய்யாதீர்கள். அவர் எழுதியது எழுதியபடியே மைக்கில் கேட்கவேண்டும். அந்த வார்த்தைகளைக் கேட்ட உடனே கேண்டீனில் ஒரு சலசலப்பு வரும், நம்ம பேச்சு அப்படியே மேலே போயிருக்கிறது என்று அப்போதுதான் நம்புவார்கள். திருத்தி வாசித்தால் கேள்வி கேட்டவருக்கே அது தன் கேள்விதானா என்று தெரியாது.

வாசிக்கக் கூடாத சீட்டுகளும் உண்டு. ஒருவர் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டுவது, இன்னொருவர் சம்பளத்தைப் பற்றிக் கேட்பது, இவை சபையில் வரக்கூடாது. பாலியல் தொந்தரவு பற்றி ஒரு வரி இருந்தாலும் அது நேராக உள்ளகப் புகார்க் குழுவுக்குப் போகவேண்டும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் அந்தக் குழு இருக்கவேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் எடுத்து வைத்த சீட்டுகளின் எண்ணிக்கையை மறைக்காதீர்கள். "37 சீட்டு வந்தது, நாலு சீட்டில் தனி ஆட்கள் பெயர் இருப்பதால் இங்கே வாசிக்கவில்லை, அதைத் தனியாகக் கவனிக்கிறோம்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் போதும், எதையோ ஒளிக்கிறார்கள் என்ற பேச்சு எழாது.

எந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்வது என்பதை ஆட்களையே தீர்மானிக்கவிடலாம். கூகுளில் இதற்கென்றே டோரி என்று ஒரு ஏற்பாடு இருந்தது, கேள்விகளை முன்கூட்டிப் போடுவார்கள், ஊழியர்கள் வாக்களிப்பார்கள், அதிக வாக்கு வாங்கியது மேலே வரும். ஊழியர்கள் எல்லோருக்குமான அவர்களுடைய டி.ஜி.ஐ.எஃப். கூட்டம் ஆரம்ப காலத்திலிருந்தே வாராவாரம் நடந்தது, நிறுவனர்கள் லேரி பேஜும் செர்கே பிரின்னும் நேரில் நின்று பதில் சொல்வார்கள். பிறகு கம்பெனி ஒரு லட்சம் பேரைத் தாண்டியது, உள்ளே பேசியது வெளியே கசிய ஆரம்பித்தது, 2019 நவம்பரில் நம் சுந்தர் பிச்சை அதை மாதம் ஒருமுறை என்று குறைத்தார். பத்து வருடத்துக்கு முன் 80 சதவீதம் பேர் பார்த்த கூட்டத்தை இப்போது எந்த வாரத்தை எடுத்தாலும் 25 சதவீதம் பேர்தான் பார்க்கிறார்கள் என்று அவரே ஊழியர்களுக்கு எழுதினார். கேள்விக்கு வாக்களிக்கும் ஏற்பாடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த அளவுக்குக் கூட்டம் பெருத்தால் தாங்காது போலிருக்கிறது. 160 பேர் என்பது நல்ல அளவு, எல்லோருக்கும் எல்லோர் முகமும் தெரியும், இதை விட்டுவிடாதீர்கள். உங்களுக்கு டோரி எல்லாம் வேண்டாம். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் கேள்விகளைச் சார்ட்டில் எழுதி ஒட்டுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கெட்ச் பேனா, அவரவர் முக்கியம் என்று நினைப்பதற்கு ஒரு கோடு போடட்டும்.

இனி பதில். எம்.டி. எழுந்து "பார்க்கலாம்" என்று சொன்னால் அந்தக் கூட்டம் அங்கேயே செத்தது. நமக்குள் "பார்க்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று சொல்லத் தேவையில்லை, முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மனம் வராதபோது சொல்வது அது, கல்யாண வீட்டுக்கு வரமுடியாது என்பதிலிருந்து கடன் கொடுக்கமுடியாது என்பது வரை. "பரிசீலிக்கிறோம்", "ஆவன செய்வோம்", "மேலே பேசியிருக்கிறோம்" எல்லாம் அதே குடும்பம்தான். நான் எம்.டி.யிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிவிடுவேன், மூன்று விதமான பதில்தான் உண்டு என்று. செய்கிறோம், இந்தத் தேதிக்குள். செய்யமுடியாது, காரணம் இது. இன்னும் தெரியாது, இந்தத் தேதியில் சொல்கிறோம். இந்த மூன்றில் இரண்டாவதைச் சொல்லத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், ஆனால் என் அனுபவத்தில் அதுதான் மரியாதையைச் சம்பாதித்துக் கொடுக்கிறது. "ஏ.சி. பஸ் இந்த வருஷம் முடியாதுங்க, இப்போ ஓடுற பஸ்ஸுக்கே மாசம் இவ்வளவு கொடுக்கிறோம், ஏ.சி. பஸ்ஸுக்கு இவ்வளவு கேக்கறாங்க" என்று எங்கள் எம்.டி. எண்ணோடு சொன்ன நாளுக்குப் பிறகு அந்தக் கேள்வி மறுபடி வரவே இல்லை.

மூன்றாவது பதிலை நான் அடிபட்டுத்தான் கற்றேன். அந்தப் பவுண்டரியில் ஒரு செப்டம்பர் மாதம், இந்த முறை போனஸ் 8.33தான் என்று ஒரு பேச்சு கிளம்பியது. போனஸ் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம், இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பது அந்த வருட லாபக் கணக்கைப் பொறுத்தது. எங்களிடம் கணக்கு முடியவில்லை, அதனால் முடிவும் இல்லை. முடிவாகாத விஷயத்தைக் கூட்டத்தில் ஏன் எடுக்கவேண்டும் என்று நானே எம்.டி.க்கு யோசனை சொன்னேன், அந்த மாதக் கூட்டத்தில் போனஸ் என்ற வார்த்தையே வரவில்லை. அந்த மௌனத்தையே ஆட்கள் பதிலாக எடுத்துக்கொண்டார்கள். மூன்று வாரத்தில் வார்ப்பு அச்சு செய்யும் இரண்டு நல்ல மோல்டர்கள் வேறு பவுண்டரிக்குப் போய்விட்டார்கள், ஒருவர் எங்களிடம் 12 வருடம் இருந்தவர். கடைசியில் நாங்கள் கொடுத்தது 14 சதவீதம். "இன்னும் முடிவாகலை, 20ஆம் தேதி கணக்கு முடியும், 22ஆம் தேதி சாயங்காலம் இதே இடத்தில் சொல்றோம்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அந்த மனிதர் இருந்திருப்பார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். தகவல் இல்லாதபோது தேதியைக் கொடுங்கள். கொடுத்த தேதியில் தகவல் தயாராகவில்லை என்றாலும் அந்தத் தேதியில் போய் நின்று தயாராகவில்லை என்று சொல்லுங்கள்.

கேள்விகளுக்கான அந்த 25 நிமிடத்திலிருந்தே எடுத்து, அடுத்த கூட்டத்தின் முதல் பத்து நிமிடம், போன கூட்டத்தில் கேட்டதெல்லாம் என்ன ஆனது என்பதற்கு. எனக்கு இது தோன்றியது எங்கள் ஊர் கிராம சபையில். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று தமிழ்நாட்டில் கிராம சபை கூடுவது உங்களுக்குத் தெரியும், இப்போது மார்ச் 22, நவம்பர் 1 என்று இன்னும் இரண்டு நாள் சேர்ந்திருக்கிறது. ஒரு வருடம் முழுக்க விடாமல் போய்ப் பார்த்தேன். வரவு செலவு வாசித்தார்கள், தீர்மானம் போட்டார்கள், கையெழுத்து வாங்கினார்கள். ஒரு கூட்டத்தில் மட்டும் ஒரு பெரியம்மா எழுந்து "போன தடவ தெருவிளக்குக்குத் தீர்மானம் போட்டீங்களே, அது என்னாச்சு?" என்று கேட்டார், அதற்கு ஒருவர் எழுந்து எத்தனை விளக்கு போட்டாயிற்று, எத்தனை பாக்கி, ஏன் பாக்கி என்று தெருப் பெயரோடு சொன்னார். அதுவரை மரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் பந்தலுக்குள் வந்தார்கள். அடுத்த மாதமே எங்கள் டைம் ஆபீஸ் பஞ்ச் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டினேன். கேள்வி, பொறுப்பு யார், எந்தத் தேதி, இப்போது எந்த நிலை, நாலு கட்டம். தேதி தாண்டினால் சிவப்பு மையில் எழுதுவோம். காலையில் பஞ்ச் வைக்கும் எல்லோரும் பார்ப்பார்கள், எம்.டி.யும் அந்த வழியாகத்தான் உள்ளே வருவார். பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பது அந்தப் பலகையில் ஏறிய முதல் வரி. எத்தனை காலமாக அப்படி இருந்தது என்று கேட்டபோது எனக்கு வெட்கமாகப் போயிற்று. இரண்டு நாளில் தாழ்ப்பாள் போட்டோம்.

எம்.டி.யின் 15 நிமிடத்தில் என்ன பேசுவது? எண்களைப் பேசட்டும், ஆனால் ஷாப் ஃப்ளோரில் இருப்பவர் கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய எண்களை. இதில் எனக்குப் பிடித்த உதாரணம் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற ஊரில் நடந்தது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி தடுமாறிக்கொண்டிருந்த நேரம், பழைய என்ஜின்களைப் புதுப்பிக்கும் அவர்களுடைய ஒரு ஆலையை ஜாக் ஸ்டாக் என்பவரும் உடனிருந்த மேலாளர்களும், ஆக 13 பேர், 1983இல் சேர்ந்து வாங்கினார்கள். கையில் இருந்தது ஒரு லட்சம் டாலர், கடன் 89 லட்சம் டாலர். ஒரு மாதம் தவறினாலும் கதவைச் சாத்தவேண்டிய நிலைமை, அதனால் அவர் கணக்குப் புத்தகத்தை எல்லோருக்கும் திறந்து வைத்தார், என்ஜினைக் கழற்றிப் பூட்டும் தொழிலாளிக்கும் லாப நட்டக் கணக்கைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார், வாராவாரம் கூடி அந்த எண்களைச் சேர்ந்தே பார்த்தார்கள். அந்தக் கம்பெனி பிழைத்தது, பல கம்பெனிகளாக வளரவும் செய்தது. முழுக்கணக்கையும் திறந்து காட்ட உங்கள் எம்.டி. சம்மதிக்காமல் இருக்கலாம், பரவாயில்லை. ஒரு பம்ப் விற்று வரும் பணத்தை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டு காப்பருக்கு எவ்வளவு, காஸ்டிங்குக்கு எவ்வளவு, சம்பளத்துக்கு, கரண்டுக்கு, வங்கி வட்டிக்கு, லாரிக்கு, கடைசியில் மிச்சம் எவ்வளவு என்று பெரிய சார்ட்டில் வரைந்து காட்டச் சொல்லுங்கள். பின்னாளில் எனக்குத் தெரிந்த ஒரு மோட்டார் யூனிட்டில் இதைச் செய்ய உதவினேன். காப்பர் கம்பிக்கு எவ்வளவு போகிறது என்று பார்த்த வைண்டிங் பெண் ஒருவர், வெட்டி எறியும் துண்டுக் கம்பியெல்லாம் எங்கே போகிறது, கிலோ என்ன விலைக்குப் போடுகிறீர்கள் என்று கேட்டார். அந்த விலை அங்கே இருந்த மேனேஜர்களில் ஒருவருக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை. அடுத்த கூட்டத்தில் அந்த விலையும் சார்ட்டில் ஏறியது.

கெட்ட செய்தியைச் சொல்வது தனி விஷயம். ஒரு ஷிப்டை மூடுகிறீர்கள், சிலரை அனுப்பவேண்டியிருக்கிறது என்றால், அந்தச் சிலர் அதைப் பொதுக்கூட்டத்தில் முதல் முறையாகக் கேட்கக் கூடாது. 2021 டிசம்பர் 1ஆம் தேதி பெட்டர்.காம் என்ற அமெரிக்க வீட்டுக்கடன் கம்பெனியின் தலைவர் விஷால் கார்க் ஜூமில் ஏறத்தாழ 900 பேரைக் கூட்டி, இந்த அழைப்பில் நீங்கள் இருந்தால் உங்களுக்கு வேலை போய்விட்டது என்று மூன்று நிமிடத்தில் சொல்லி முடித்தார். அந்த வீடியோ உலகம் முழுக்கப் போனது, அவர் மன்னிப்பும் கேட்டார், ஆனால் போனது போனதுதான். பாதிக்கப்படும் ஒவ்வொருவரிடமும் தனியாக உட்கார்ந்து பேசுங்கள், என்ன தொகை, எந்தத் தேதி, அனுபவக் கடிதம், பி.எஃப். எல்லாம் கையில் வைத்துக்கொண்டு. அதே நாளில் சூப்பர்வைசர்களுக்கு. அதே நாள் முடிவதற்குள் எல்லோருக்கும். நடுவில் ஓர் இரவு விட்டால் டீக்கடை முந்திக்கொள்ளும்.

சூப்பர்வைசர்களைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் அவர்களைக் கூப்பிட்டு முழுவதையும் சொல்லிவிடுங்கள். கூட்டம் முடிந்ததும் ஆட்கள் போய் நிற்பது எம்.டி.யிடம் இல்லை, "என்னண்ணா இப்படிச் சொல்றாங்க?" என்று இவரிடம்தான். அப்போது இவரும் அவர்களோடு சேர்ந்தே கேள்விப்பட்டிருந்தால் இவருக்கு அது பெரிய அவமானம். இந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்காத கம்பெனிகளில்தான் சூப்பர்வைசர்களே வதந்திக்கு ஊற்றாக மாறுகிறார்கள்.

இடம், நேரம். மதியச் சாப்பாட்டு நேரத்திலோ, வேலை முடிந்து பஸ் கிளம்பும் நேரத்திலோ கூட்டம் வைக்காதீர்கள், வீட்டில் குழந்தையை விட்டுவிட்டு வந்த பெண்கள் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 6 முதல் 2, 2 முதல் 10 என்று ஷிப்ட் ஓடினால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் வையுங்கள், முன்னால் வருபவர்களுக்கும் பின்னால் நிற்பவர்களுக்கும் அந்த நேரத்துக்கு ஓவர்டைம் கொடுங்கள், இது வேலை நேரம்தான். நைட் ஷிப்ட் இருந்தால் காலை 6 மணிக்கு எம்.டி. நேரில் வந்து அவர்களிடம் ஒரு தடவை பேசட்டும். கம்ப்ரஸரை நிறுத்துங்கள், கடைசி வரிசையில் நின்று மைக் கேட்கிறதா என்று நீங்களே பாருங்கள். முன்வரிசையில் மேனேஜர்களை உட்காரவைக்காதீர்கள், அவர்கள் பக்கவாட்டில் நிற்கட்டும்.

மொழியும் இருக்கிறது. கோயம்புத்தூரில் இன்றைக்கு ஒடிசா, பீகார், ஜார்கண்ட் ஆட்கள் இல்லாத பவுண்டரியோ பட்டறையோ குறைவு. பல இடங்களில் அவர்களைக் கூட்டத்துக்கே கூப்பிடுவதில்லை, கூப்பிட்டால் கடைசியில் இரண்டு வாக்கியம் இந்தியில் சொல்லி முடிக்கிறார்கள். ஒவ்வொரு விஷயம் முடிந்ததும் உடனே இந்தியில் சொல்லவேண்டும், அதை கான்ட்ராக்டரின் ஆள் சொல்லக்கூடாது, அவர்களிலேயே தமிழ் கற்ற ஒருவர் சொல்லவேண்டும். கான்ட்ராக்டர் ஆள் மொழிபெயர்த்தால் தங்கும் அறையைப் பற்றியோ பிடித்தம் செய்யும் பணத்தைப் பற்றியோ ஒரு கேள்வியும் இந்தப் பக்கம் வராது. வெளியூரில் இருக்கும் சர்வீஸ் ஆட்கள் போனில் சேர்ந்துகொண்டால், அவர்கள் டைப் செய்யும் கேள்வியை எடுத்து மைக்கில் வாசிக்க ஓர் ஆளை அதற்கென்றே உட்காரவையுங்கள்.

பாராட்டு, பரிசு எல்லாம் எம்.டி.யின் நேரத்திலேயே ஐந்து நிமிடத்துக்குள். "இந்த மாதச் சிறந்த ஊழியர்" என்று முறை வைத்துக் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மழையில் வந்த லோடை இரவு பதினோரு மணிக்கு நின்று இறக்கினார் என்று நடந்ததை அப்படியே சொல்லிக் கைதட்டினால் அதுவே போதும். சம்பளப் பேரத்தை மட்டும் இந்தக் கூட்டத்தில் பேசவே கூடாது. யூனியன் இருந்தால் யூனியனோடு, நிர்வாகமும் தொழிலாளர்களும் சேர்ந்த தொழிற்குழு இருந்தால் அங்கே. அவர்களைச் சுற்றிக்கொண்டு நேராக ஆட்களிடம் பேசிவிடலாம் என்று ஒரு நிர்வாகம் இந்தக் கூட்டத்தைப் பயன்படுத்தினால் இரண்டு இடத்திலும் நம்பிக்கை போய்விடும்.

கடைசியாக, "எல்லார் முன்னாலயும் என்னை யாராவது மடக்கிட்டா?" என்று உங்கள் எம்.டி. தயங்கலாம், எங்கள் எம்.டி.யும் கேட்டார். முந்தின நாள் சாயங்காலம் சீட்டுகளை அவர் மேசையில் பரப்பி, இருப்பதிலேயே கஷ்டமான கேள்வியை முதலில் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். முதல் மூன்று நான்கு மாதம் சாம்பார், பஸ், தாழ்ப்பாள், ஷூ என்றுதான் வரும், அதைப் பார்த்து இதற்கா இவ்வளவு பாடு என்று விட்டுவிடாதீர்கள், சின்ன விஷயத்தில் சொன்னதைச் செய்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எங்களுக்கு ஐந்தாவது கூட்டத்தில், 24 வருட சர்வீஸ் உள்ள ஒரு லேத் ஆபரேட்டர் சீட்டுப் போடாமல் நேராக எழுந்தார். "கம்ப்யூட்டர்ல ஓடுற சி.என்.சி. மெஷின் வருதுன்னு சொல்றீங்க, லேத்துல இருக்கற நாங்க பதினோரு பேர் என்ன ஆவோம்?" என்றார். எம்.டி. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ஆறு பேருக்கு அடுத்த மாதம் பயிற்சி ஆரம்பிக்கிறது, மீதி ஐந்து பேருக்கு இன்னும் முடிவு இல்லை, ஜூன் 10ஆம் தேதி அவரவரிடம் தனித்தனியாகப் பேசுகிறேன், அதுவரை யாரையும் எங்கும் மாற்றமாட்டேன் என்றார். அந்த ஆபரேட்டர் "சரிங்க" என்று உட்கார்ந்தார், உடனே பின்வரிசையில் நாலு கை எழுந்தது. அன்றைக்கு 40 நிமிடத்தில் முடிக்க முடியவில்லை, டிரைவரிடம் சொல்லி பஸ்ஸைக் கால் மணி நேரம் நிறுத்தி வைத்தோம்.